யந்திரத்தின் கைக்குள் ஓடும் எண்ணெய்

சித்திரை பிறந்து கண்மாய்கள் வற்றத் தொடங்கியதும், பெரியகுளத்திலிருந்து வைகை அணைக்குப் போகும் சாலையில் வடுகபட்டி, மேல்மங்கலம், ஜெயமங்கலம் என்று அடுத்தடுத்து வரும் ஊர்களின் பக்கத்திலே, வண்டல் மண் அள்ளும் ஜேசிபி வண்டிகளின் சப்தம் விடிந்தது முதலே கேட்கும். அவற்றை ஓட்டுகிறவர்களுக்கும், டிராக்டரை ஓரமாக நிறுத்திவிட்டு மண்ணுக்காகக் காத்திருக்கும் விவசாயிகளுக்கும் நன்கு பழகிப்போன விஷயம் ஒன்று உண்டு. காலை எட்டு மணிக்கு வாளி நிறைய மண்ணை ஒரே மூச்சில் தூக்கிய அதே கை, பிற்பகல் இரண்டு மணிக்கு, எஞ்சினின் ஓசையில் எந்த மாறுதலும் இல்லாதபோதும், தயங்கித் தயங்கி எழுகிறது. தூக்கிய வாளியை அந்தரத்தில் நிறுத்தி வைத்தாலோ, லிவரை யாரும் தொடாமலே அது மெல்ல மெல்லத் தாழ்கிறது. “ஆயில் சூடேறி எளகிருச்சு, ஒரு டீயைக் குடிச்சுட்டு வந்தா சரியாயிரும்” என்பார் ஓட்டுநர். அவர் சொல்வது சரிதான். ஆனால், எண்ணெய் இளகினால் கை ஏன் தளர வேண்டும்? எஞ்சினின் பலம் குறையவில்லை. எண்ணெய் ஒரு சொட்டும் தரையில் சிந்தவில்லை. அப்படியானால் அந்தப் பலம் எங்கே போய் மறைந்தது?

இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால், ஹைட்ராலிக் எண்ணெயைப் பற்றி நாம் கொண்டிருக்கும் எண்ணத்தைச் சற்றே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். டீசலோடும் கிரீஸோடும் சேர்த்து, வாங்கி ஊற்றுகிற ஒரு சரக்காகவே அதை நாம் கணக்கில் வைக்கிறோம். உண்மையில், பம்பும் வால்வும் சிலிண்டரும் எப்படி யந்திரத்தின் உறுப்புகளோ அப்படியே அதுவும் ஓர் உறுப்பு. மற்ற எல்லா உறுப்புகளையும் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரே உறுப்பு என்றும் சொல்லலாம். ஒரு பல்சக்கரத்தை வாங்கும்போது அதன் அளவையும் உலோகத்தையும் விசாரிக்கிற நாம், எண்ணெயை வாங்கும்போது விலையை மட்டும் விசாரித்துவிட்டு வருவது எனக்கு எப்போதும் விசித்திரமாகவே படும்.

மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தின்மீது ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால், அவ்வழுத்தம் சிறிதும் குறையாமல் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பதைப் பிரெஞ்சு தேசத்துப் பேரறிஞர் பிளேஸ் பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எடுத்துரைத்தார். அவர் காலமான மறு வருஷமாகிய 1663இல் அந்த நூல் அச்சேறியது. ஜேசிபியின் கையிலே உள்ள சூட்சுமம் முழுவதும் அந்த ஒரு வாக்கியந்தான். பம்பு எண்ணெயைச் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ வீதம் அழுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம்; 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரின் பிஸ்டன் முகப்பு ஏறக்குறைய 78 சதுர சென்டிமீட்டர் பரப்புடையது; ஆகவே அந்தப் பிஸ்டன் 15 டன்னுக்கும் அதிகமான பலத்தோடு தள்ளும். விரல் பருமனுள்ள ரப்பர் ஓஸ் வழியாக இவ்வளவு பலமும் வளைந்து நெளிந்து வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருகிறது என்பதுதான் இதில் உள்ள அற்புதம்.

இந்தத் தத்துவத்தை முதன்முதலில் தொழிலுக்குக் கொண்டுவந்த இங்கிலாந்துக்காரரான ஜோசப் பிராமா, 1795இல் காப்புரிமை பெற்ற தம்முடைய அழுத்து யந்திரத்தில் எண்ணெயை ஊற்றவில்லை, தண்ணீரைத்தான் ஊற்றினார். லண்டன் மாநகரத்திலே தெருக்களுக்கு அடியில் குழாய் பதித்து, உயர்ந்த அழுத்தத்தில் தண்ணீரை வீடுகளுக்கும் துறைமுகங்களுக்கும் அனுப்பி, லிஃப்டுகளையும் பாரந்தூக்கிகளையும் இயக்கிவந்த கம்பெனி ஒன்று, 1883இல் தொடங்கி 1977 வரையில் நடந்துவந்தது. தண்ணீர் மலிவானது, தீப்பிடிக்காதது, எளிதில் சுருங்காதது. இத்தனை நற்குணங்கள் இருந்தும், 1906ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்கப் போர்க்கப்பலான வர்ஜீனியாவின் பீரங்கிகளை இயக்கும் யந்திரத்தில் எண்ணெய் புகுத்தப்பட்ட பிறகு, தண்ணீரின் ஆட்சி சிறிது சிறிதாக முடிந்துபோயிற்று. இரும்பைத் துருப்பிடிக்கச் செய்வதும், குளிர் தேசங்களில் உறைந்துபோவதும் தண்ணீரின் குறைகள்தாம். ஆயினும் அவற்றை விடப் பெரிய குறை ஒன்று அதற்கு உண்டு. உரசும் இரண்டு உலோகப் பரப்புகளுக்கு இடையே அது தங்குவதில்லை.

எண்ணெய் மட்டும் எப்படித் தங்குகிறது என்பது 1883இல், ஒருவகையில் தற்செயலாகவே வெளிப்பட்டது. ரயில் வண்டியின் அச்சைத் தாங்கும் பேரிங் ஒன்றை வைத்துக்கொண்டு, உராய்வைப் பற்றிப் பரிசோதனை நடத்திவந்தார் பியூஷாம்ப் டவர் என்ற இங்கிலாந்து எஞ்சினீயர். சுழலும் அச்சின் கீழ்ப்பாதி எண்ணெயிலே மூழ்கியிருக்க, அதன் மேற்பாதியில் பேரிங்கானது பெரும் பாரத்தோடு அழுந்திக்கொண்டிருந்தது. எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியிலே அவர் ஒரு துளையிட்டார்; அச்சு சுழலத் தொடங்கியதும், உள்ளே போக வேண்டிய எண்ணெய் அந்தத் துளை வழியாக மேலே பொங்கி வழிந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை தள்ளப்பட்டது. மரக்கட்டையால் அடைத்தார், அதுவும் மெல்லப் பிதுங்கி வெளியே வந்துவிட்டது. இறுதியில் அந்தத் துளையிலே அழுத்தமானி ஒன்றைப் பொருத்திப் பார்த்தபோது, அது சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டுக்கும் மேலாகக் காட்டிற்று. பேரிங்கின்மீது வைத்திருந்த பாரமோ சராசரியாகச் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான்! அதாவது, அச்சும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடவே இல்லை. சுழலும் அச்சு தன்னோடு இழுத்துக்கொண்டு வந்த எண்ணெய், ஒடுங்கிய இடைவெளிக்குள் நெருக்குண்டு, தானே அழுத்தத்தை உண்டாக்கி, அந்தப் பாரம் முழுவதையும் ஏந்தி மிதக்கவிட்டிருந்தது. இதற்குரிய கணிதத்தை 1886இல் ஆஸ்பர்ன் ரேனால்ட்ஸ் என்பவர் எழுதி முடித்தார். எண்ணெய் வழுவழுப்பாக இருப்பதனால் உராய்வு குறைகிறது என்று நாம் பொதுவாகச் சொல்வது அரைகுறை உண்மையே. அது கெட்டியாக இருப்பதனால், சட்டென்று விலகிப் போக மனமில்லாமல் இடையே நின்று பாரத்தைச் சுமக்கிறது என்பதே முழு உண்மை.

இந்தக் கெட்டித்தன்மைக்குப் பாகுநிலை என்று பெயர். அதை அளக்கும் முறை மிகவும் எளியது. மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்றை 40 டிகிரி உஷ்ணமுள்ள தொட்டியில் நிறுத்தி, அதன் வழியாகக் குறிப்பிட்ட அளவு எண்ணெய் தன் எடையினாலேயே இறங்கி முடிய எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்கிறார்கள். அந்த நேரத்தைக் குழாய்க்குரிய ஒரு மாறா எண்ணால் பெருக்கினால் கிடைப்பதே சென்டிஸ்டோக்ஸ் என்னும் அளவு. அறை உஷ்ணத்தில் தண்ணீருக்கு அது ஏறக்குறைய 1. கடையில் டின்னின்மேல் 46 என்றும் 68 என்றும் அச்சிட்டிருக்கிறதே, அந்த எண்கள் தரத்தையோ விலையையோ குறிப்பவை அல்ல. 40 டிகிரியில் அந்த எண்ணெயின் பாகுநிலை இத்தனை சென்டிஸ்டோக்ஸ், பத்துச் சதவீதம் கூடலாம் குறையலாம், என்பதையே குறிப்பவை. 68ஐ விட 46 மட்டம் என்று எண்ணுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஆனால் சித்திரை வெயிலில் வண்டல் அள்ளும் வண்டிக்குள் எண்ணெய் 40 டிகிரியில் நிற்பதில்லை. பிற்பகலில் அது 80 டிகிரியைத் தொட்டுவிடக் கூடும். சாதாரணமான 68 எண் எண்ணெய் அந்த உஷ்ணத்தில் சுமார் 15 சென்டிஸ்டோக்ஸுக்கு இறங்கிவிடுகிறது. அதாவது, டின்னில் எழுதியிருப்பதில் கால் பங்குக்கும் குறைவு. பம்பு தயாரிப்பவர்கள் பொதுவாக விரும்பும் பாகுநிலை 16 முதல் 36 வரையில். 10க்குக் கீழே போனால் ஆபத்து என்பார்கள். 46 எண் எண்ணெய் 80 டிகிரியில் 11ஐ ஒட்டி நிற்கும். ஆகவே நம் பள்ளத்தாக்கின் வெயிலில் ஒரு சிறிய எண் மாறுதல்கூட, யந்திரம் பத்திரமாக இருப்பதற்கும் தேய்ந்து நாசமாவதற்கும் இடையிலுள்ள எல்லைக்கே நம்மைக் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது.

இப்போது காணாமற்போன பலத்தைத் தேடலாம். பம்பின் பல்சக்கரங்களுக்கும் அதன் கூட்டுக்கும் இடையிலும், வால்வுக்குள் முன்னும் பின்னும் நகரும் தண்டுக்கும் அதன் துளைக்கும் இடையிலும், மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கை ஒத்த இடுக்கு விட்டே அவற்றைச் செய்திருக்கிறார்கள். விடாவிட்டால் அவை நகரவே முடியாது. இந்த இடுக்குகளை அடைத்துக்கொண்டிருப்பது எண்ணெயின் பாகுநிலை ஒன்றே. வாய்க்காலின் மடைப்பலகையில் உள்ள விரிசல் வழியாகத் தெளிந்த நீர் பீறிட்டு ஓடுவதையும், அதே விரிசலில் குழைந்த சேறு தயங்கி நிற்பதையும் பார்த்தவர்களுக்கு இதைப் பற்றி மேலும் விளக்க வேண்டுவதில்லை. எண்ணெய் கெட்டியாக இருக்கும் காலை வேளையில், பம்பு தள்ளியதெல்லாம் சிலிண்டருக்குப் போகிறது. இளகிய பிற்பகலில் அதில் ஒரு பங்கு, இடுக்குகள் வழியாக நழுவி, வந்த வழியே தொட்டிக்குத் திரும்பிவிடுகிறது. வெளியே ஒரு சொட்டும் சிந்துவதில்லை. கசிவு முழுவதும் உள்ளுக்குள்ளேயே நிகழ்கிறது.

அப்படித் திரும்பும் எண்ணெய் வெறுங்கையோடும் திரும்புவதில்லை. 200 கிலோ அழுத்தத்தில் இருந்த எண்ணெய் ஒரு வேலையும் செய்யாமல் தொட்டிக்கு வந்து விழும்போது, அதில் அடங்கியிருந்த சக்தி எல்லாம் உஷ்ணமாக மாறியே தீர வேண்டும். வேலையும் உஷ்ணமும் ஒன்றுக்கொன்று ஈடாக மாறும் கணக்கை 1840களில் ஜூல் என்ற விஞ்ஞானி நிறுவிச் சென்றிருக்கிறார். அதன்படி பார்த்தால், இடுக்கில் நழுவும் எண்ணெய் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 12 டிகிரி சூடேறுகிறது. சூடு எண்ணெயை இளக்குகிறது, இளகிய எண்ணெய் மேலும் கசிகிறது, கசிவு மேலும் சூட்டை உண்டாக்குகிறது. எஞ்சினின் பலம் எங்கும் மறைந்துவிடவில்லை. எண்ணெய்த் தொட்டியைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறது. டீ குடிக்கிற நேரத்துக்கு வண்டியை நிறுத்திவைப்பதன் பயனும் இதனால் விளங்கும். எண்ணெயைக் குளிர்விக்கும் ரேடியேட்டரின் தகடுகளுக்கு இடையே தூசியும் வைக்கோற் பொடியும் அடைந்திருந்தால் அதை ஊதித் துடைப்பது, டீயை விட நெடுநேரம் பலன் தரும்.

உஷ்ணம் ஏறும்போது எல்லா எண்ணெயும் ஒரே விகிதத்தில் இளகுவதில்லை. இந்த வேறுபாட்டுக்கு ஓர் எண் கொடுக்க வேண்டும் என்று 1929இல் டீன், டேவிஸ் என்ற இருவர் முயன்றார்கள். அவர்களுக்குத் தெரிந்த எண்ணெய்களில், உஷ்ணத்துக்கு மிகக் குறைவாக இளகிய பென்சில்வேனியா எண்ணெய்க்கு 100 என்றும், மிக அதிகமாக இளகிய மெக்ஸிகோ வளைகுடாக் கரை எண்ணெய்க்கு 0 என்றும் வைத்து, மற்றவற்றை அந்த அளவுகோலில் நிறுத்தினார்கள். பாகுநிலைக் குறியெண் என்று இன்று வழங்குவது அதுதான். பிற்காலத்தில் 100ஐயும் தாண்டிய எண்ணெய்கள் வந்துவிட்டன. தாவர எண்ணெய்களிற் பல, இயற்கையாகவே 200ஐ ஒட்டிய குறியெண் உடையவை. பிறகு ஏன் அவற்றை ஊற்றக் கூடாது என்று கேட்கத் தோன்றும். காற்றும் சூடும் பட்டால் அவை விரைவில் சிக்குப்பிடித்துப் போகும், தண்ணீர் பட்டால் சிதையும் என்பதே பதில்; அப்படியிருந்தும், மண்ணில் சிந்தினால் மட்கிப்போகும் என்ற காரணத்துக்காக, ஐரோப்பாவில் காட்டில் வேலை செய்யும் யந்திரங்களுக்குக் கடுகினத்து எண்ணெயைப் பக்குவப்படுத்தி உபயோகிக்கிறார்கள்.

குறியெண்ணின் அருமை நம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகப் புரிய வேண்டுமானால், அடுக்கம் சாலையை நினைத்துக்கொள்ள வேண்டும். பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை, அடுக்கம் வழியாகக் கொடைக்கானல் மலைக்கு ஏறும் அந்தச் சாலையில், மழைக்காலத்திலே மண் சரிந்து விழுவதும், அதை அகற்ற ஜேசிபி போவதும் வழக்கமாக நடப்பவை. சித்திரையில் ஜெயமங்கலத்துக் கண்மாயில் 80 டிகிரிச் சூட்டில் உழைத்த வண்டி, மார்கழியில் மலைமேல் விடியற்காலையில் 10 டிகிரிக் குளிரில் புறப்பட நேரலாம். குறியெண் 100 உள்ள 68 எண் எண்ணெய் 10 டிகிரியில் 440 சென்டிஸ்டோக்ஸ் அளவுக்குக் கெட்டிப்படும். 80 டிகிரியில் இருந்ததைப் போல ஏறக்குறைய 30 மடங்கு! அவ்வளவு கெட்டியான எண்ணெயைப் பம்பு தொட்டியிலிருந்து உறிஞ்சச் சிரமப்படும். ஆகையால் மலைக்குப் போகிற வண்டியை, எஞ்சினை மெதுவாகச் சில நிமிஷம் ஓடவிட்டு, கையை வெறுமனே நாலு முறை தூக்கி இறக்கி, எண்ணெயைச் சற்றுச் சூடேற்றிக்கொண்ட பிறகே வேலைக்கு இறக்க வேண்டும் என்பது அநுபவசாலிகளின் வழக்கம்.

பிற்பகல் தளர்ச்சிக்கு மருந்தாக 100 எண் எண்ணெயை ஊற்றிவிடும் யுக்தி ஒன்றும் பட்டறைகளில் உண்டு. அது ஓரளவு பலிக்கத்தான் செய்யும்: 80 டிகிரியில் 15 சென்டிஸ்டோக்ஸ் இருந்த இடத்தில் 20 கிடைக்கும். ஆனால், கை தளர்வதற்குக் காரணம் பம்பு தேய்ந்து இடுக்கு அகன்றதாக இருந்தால், இந்த யுக்தி நெடுநாள் நிற்காது. இடுக்கின் அகலம் இரு மடங்கானால் கசிவு எட்டு மடங்காகும் என்பது இயற்கையின் கணக்கு. மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாக அது அகன்றாலே கசிவு இரு மடங்கைத் தாண்டிவிடும். எண்ணெயைக் கெட்டியாக்கி இதை ஈடுகட்டப் பார்ப்பது, வட்டிக்கு வாங்கி வட்டி கட்டும் வேலை. குளிர்காலத்திலோ அதே எண்ணெய் 700 சென்டிஸ்டோக்ஸையும் தாண்டிக் கெட்டிப்பட்டு, இருக்கிற பம்பையும் கெடுத்துவிடக் கூடும்.

பாரத்தைச் சுமக்கும் எண்ணெய்ப் படலத்தின் பெருமையை இவ்வளவு சொன்ன பிறகு, அது அறுந்துபோகும் சந்தர்ப்பங்களும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட முடியாது. வண்டி புறப்படும் முதற் கணத்திலும், மிகுந்த பாரத்தோடு மிக மெதுவாக நகரும்போதும், பரப்புகள் எண்ணெயைத் தேவையான வேகத்தில் இழுத்துக்கொள்ள முடியாமல் உலோகம் உலோகத்தைத் தொட்டுவிடும். அந்த வேளைக்காக எண்ணெயிலே துத்தநாகமும் பாஸ்பரமும் கந்தகமும் சேர்ந்த கூட்டுப்பொருள் ஒன்றைச் சிறிதளவு கலக்கிறார்கள். 1940களில் அதைப் புகுத்தியபோது, எண்ணெய் புளித்துக் கெடாமலும் பேரிங்குகள் அரிக்கப்படாமலும் காப்பதே நோக்கமாக இருந்தது. உரசும் இடத்தின் சூட்டில் அது சிதைந்து, இரும்பின்மேல் கண்ணாடி போன்ற மெல்லிய படிவாக ஒட்டிக்கொண்டு, தானே தேய்ந்து இரும்பைக் காக்கிறது என்பது பின்னரே தெரியவந்தது. தேய்மானத் தடுப்பு எண்ணெய் என்று டின்னில் போட்டிருப்பது பெரும்பாலும் இதையே. ஆயினும் அந்தப் பொருள் செலவாகிக்கொண்டே இருப்பது. எண்ணெயின் நிறம் மாறாவிட்டாலும் குறித்த மணி நேரம் ஓடியதும் மாற்றச் சொல்வதற்கு இது ஒரு காரணம்; உஷ்ணம் மற்றொரு காரணம். எண்ணெய் பிராணவாயுவோடு சேர்ந்து புளிக்கும் வேகம், 10 டிகிரி ஏறும்தோறும் இரு மடங்காகும் என்பது பொது விதி. 60 டிகிரியில் ஓடும் எண்ணெயின் ஆயுளில் கால் பங்கே 80 டிகிரியில் ஓடும் எண்ணெய்க்கு. எவ்வளவு புளித்திருக்கிறது என்பதை, அதிலுள்ள அமிலத்தை முறிக்க எத்தனை மில்லிகிராம் காரம் தேவைப்படுகிறது என்று பார்த்து, சோதனைச்சாலையில் கணக்கிடுவார்கள். வயலில் நிற்பவருக்கு மூக்கே போதும். கருகிய வாசனை வந்தால் ஆயுள் முடிந்தது.

எண்ணெய் சுருங்காது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். 200 கிலோ அழுத்தத்தில் அது ஒரு சதவீதத்துக்குச் சற்று அதிகமாகச் சுருங்கத்தான் செய்கிறது. ஓட்டுநரின் கைக்கு அது தெரிவதில்லை, அவ்வளவே. காற்றுக் குமிழிகள் கலந்தால் நிலைமை வேறு. சாதாரண நிலையில் எண்ணெய் தன் கன அளவில் ஏறக்குறைய 9 சதவீதக் காற்றைக் கரைத்து வைத்திருக்கிறது. கரைந்த காற்றால் தொல்லை இல்லை. தொட்டியில் எண்ணெய் மட்டம் தாழ்ந்தாலும், உறிஞ்சு குழாயின் இணைப்புத் தளர்ந்தாலும், பில்டர் அடைத்துக்கொண்டாலும், காற்று குமிழிகளாகப் பம்புக்குள் போகிறது. அங்கே திடீரென்று 200 கிலோ அழுத்தத்தில் நசுங்கும் ஒவ்வொரு குமிழியும், டீசல் எஞ்சினுக்குள் நிகழ்வதைப் போலவே, தன்னைச் சுற்றியுள்ள எண்ணெயைக் கருக்கும் அளவுக்குச் சூடேறிவிடும். பம்பு கரகரவென்று கூழாங்கல்லை மெல்லுவதாகச் சப்தமிடும். கை துள்ளித் துள்ளி நகரும். நுரையை அடக்கச் சிலிக்கோன் பொருளை மிகச் சிறிதளவு சேர்ப்பதுண்டு. அதிலும் ஒரு சிக்கல்: மேலே மிதக்கும் நுரையை உடைக்கும் அதே பொருள், உள்ளே கலந்திருக்கும் நுண்குமிழிகள் வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது. ஆகவே அளவு சிறிது மிஞ்சினாலும் மருந்தே நோயாகிவிடும். எண்ணெய் தயாரிப்பவர்களின் சாமர்த்தியம், இத்தகைய ஒன்றோடொன்று பிணங்கும் குணங்களைச் சமாதானப்படுத்தி வைப்பதிலேயே பெரும்பாலும் செலவாகிறது.

காற்றைப் போலவே தொல்லை தரும் தண்ணீர் எப்படி உள்ளே வருகிறது? வராக நதிக் கரையில் வண்டியைக் கழுவும்போது தொட்டி மூடியின் வழியாக வரலாம். கழுவாத வண்டிக்கும் வரும். பகலில் சூடான எண்ணெய்த் தொட்டி இரவில் குளிரும்போது, அதன் மேற்புறத்துக் காற்று சுருங்கி, வெளியிலுள்ள ஈரக்காற்றை உள்ளே இழுக்கிறது. அந்த ஈரம் தகட்டில் வியர்த்து எண்ணெயில் சொட்டுகிறது. பத்து லட்சத்தில் 200, 300 பங்கு வரையில் தண்ணீர் கரைந்து மறைந்திருக்கும்; அதற்கு மேற்பட்டால் எண்ணெய் கலங்கி மோர் நிறம் கொள்ளும். சந்தேகம் வந்தால் தீர்த்துக்கொள்ளப் பழைய முறை ஒன்று இருக்கிறது: நன்றாகச் சூடேறிய இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விட்டால், தண்ணீர் கலந்த எண்ணெய் சடசடவென்று பொரியும், கலக்காத எண்ணெய் சத்தமின்றிப் பரவும். நல்ல எண்ணெயின் இலட்சணம் தண்ணீரை விரைவாகப் பிரித்து அடியில் தள்ளிவிடுவது. 40 மில்லிலிட்டர் எண்ணெயையும் அதே அளவு தண்ணீரையும் 54 டிகிரிச் சூட்டில் ஐந்து நிமிஷம் கடைந்து நிறுத்தி, எத்தனை நிமிஷத்தில் இரண்டும் பிரிகின்றன என்று பார்ப்பது அதற்கான சோதனை. இரவு முழுதும் நின்ற வண்டியின் தொட்டியடி மறையைக் காலையில் சற்றே தளர்த்தினால், முதலில் வருவது தண்ணீரா எண்ணெயா என்பது தெரிந்துவிடும்.

இவை எல்லாவற்றையும் விடக் கொடியது தூசி. சாதாரணக் கண்ணுக்கு 40 மைக்ரானுக்குக் குறைந்த துகள் புலப்படாது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. யந்திரத்தின் இடுக்குகளோ பத்து மைக்ரான் அளவுடையவை. ஆகவே அந்த இடுக்கில் புகுந்து அரைக்கக்கூடிய துகள்கள் எல்லாம் நம் கண்ணுக்கு அகப்படாதவையே. எண்ணெய் தெளிவாக இருக்கிறது என்று விளக்கில் பிடித்துப் பார்த்துச் சொல்வதில் பொருளில்லை. அதனால்தான் உலகத் தர நிர்ணய முறையில், ஒரு மில்லிலிட்டர் எண்ணெயில் 4, 6, 14 மைக்ரான்களுக்கு மேற்பட்ட துகள்கள் எத்தனை என்று தனித்தனியாக எண்ணுகிறார்கள். எண்ணெயை மெல்லிய இழையாக ஓடவிட்டு, அதன் குறுக்கே ஒளிக்கதிரைச் செலுத்தி, ஒவ்வொரு துகளும் கடக்கும்போது விழும் நிழலைக் கருவி கணக்கெடுக்கும். நெல் அறுவடை வண்டிகளுக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பு. நெல்லின் உமியிலும் வைக்கோலிலும் சிலிக்கா நிறைந்திருக்கிறது. உமிச் சாம்பலில் பெரும்பகுதி அதுவே. அது மணலின் சரக்கு, இரும்பைத் தேய்க்க வல்லது. கதிரறுக்கும் களத்தில் நின்றுகொண்டு தொட்டி மூடியைத் திறந்து, வாய் வெட்டிய பிளாஸ்டிக் கேனால் எண்ணெய் ஊற்றுவதைப் பார்க்கும்போதெல்லாம், பம்பின் விலையைச் சொல்லி ஊற்றுகிறவரின் கையைத் தடுக்கலாமா என்று தோன்றும். புதிதாகத் திறந்த பீப்பாயில் உள்ள எண்ணெய்கூட நுட்பமான வால்வுகளுக்குப் போதுமான சுத்தம் உடையது அன்று. பில்டர் வழியாகவே அதைத் தொட்டிக்குள் விட வேண்டும்.

கைக்குக் கிடைத்த எண்ணெயை ஊற்றி மட்டத்தைச் சரிக்கட்டுவதும் இதே வகையைச் சேர்ந்த அவசரந்தான். டிராக்டரில் பல்சக்கரப் பெட்டிக்கும் ஈர பிரேக்குக்கும் ஹைட்ராலிக்குக்கும் பெரும்பாலும் ஒரே எண்ணெய் ஓடுவதால், அதற்கென்று தனியாகத் தயாரித்த எண்ணெய் வேண்டும். வெறும் 68 எண் எண்ணெயை ஊற்றினால் பிரேக் அலறும். கார்களின் பிரேக் திரவமோ பெட்ரோலிய எண்ணெயே அன்று. அதில் கனிம எண்ணெய் சிறிது கலந்தாலும் அங்குள்ள ரப்பர் சீல்கள் ஊதிப்போகும். ஹைட்ராலிக் சிலிண்டர்களில் உள்ள நைட்ரைல் ரப்பர், கனிம எண்ணெயில் மிகச் சிறிதளவு உப்பிக்கொண்டு துளையோடு இறுகப் பொருந்தும்படி அமைக்கப்பட்டது. ரப்பரும் எண்ணெயும் ஒன்றையொன்று கருதியே செய்யப்பட்டவை.

தீயைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொட்டியில் கிடக்கும் ஹைட்ராலிக் எண்ணெய் எளிதில் பற்றாது. அழுத்தத்தில் நுண்துளிகளாகச் சிதறும் எண்ணெய் பற்றும். 1956 ஆகஸ்டு 8இல் பெல்ஜியத்தின் மார்சினெல் நிலக்கரிச் சுரங்கத்தில், கூண்டில் சரியாக ஏறாத வண்டி ஒன்று எண்ணெய்க் குழாயையும் மின்சாரக் கம்பிகளையும் அழுத்தக் காற்றுக் குழாயையும் ஒருசேர அறுத்துவிட, மூண்ட தீயிலும் புகையிலும் 262 பேர் மாண்டார்கள். சுரங்கங்களுக்குத் தீ எளிதில் பற்றாத திரவங்களைத் தேட வேண்டிய அவசியம் அதன் பிறகு ஐரோப்பா முழுவதிலும் உணரப்பட்டது.

நம் வயல்களில் இதனினும் அடிக்கடி நேரக்கூடிய அபாயம் ஒன்று உண்டு. ஓஸில் ஊசிமுனை அளவு துளை விழுந்து, அதன் வழியாக எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத இழையாகப் பீறிடும்போது, எங்கே ஒழுகுகிறது என்று கையால் தடவிப் பார்ப்பது எல்லோருக்கும் இயல்பாக வரும் பழக்கம். 200 கிலோ அழுத்தத்தில் வரும் அந்த இழை, கையுறையையும் தோலையும் துளைத்துக்கொண்டு விரலுக்குள் புகுந்துவிடும். கசிவைத் தேட வேண்டுமானால் எஞ்சினை நிறுத்தி, வாளியைத் தரையில் இறக்கி, லிவரை இரண்டு பக்கமும் அசைத்து அழுத்தத்தை விடுவித்துக்கொள்ள வேண்டும். ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்றால், நீண்ட அட்டைத் துண்டு ஒன்றை எட்ட நின்று நீட்டிப் பார்க்க வேண்டும். ஒருவேளை விரலில் பட்டுவிட்டால், காயம் முள் குத்தியதை ஒத்த ஒரு புள்ளியாகவே தெரியும், முதல் மணி நேரத்தில் வலியும் அதிகமிராது. உள்ளே எண்ணெய் தசையை அழித்துக்கொண்டே போகும். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடராமல், உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், குத்தியது முள் அல்ல, அழுத்தத்தில் இருந்த ஹைட்ராலிக் எண்ணெய் என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும்.